இடது பக்கத்து எலி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதற்குள் ஒரு குரு இருந்தார். பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்தெட்டு. தாடி, காவி எதுவும் கிடையாது. காக்கிச் சட்டை போட்டிருப்பார், அதன் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும்.

குருவுக்கு ஒரே ஒரு சீடர். அவர் பெயர் அர்த்தநாரி, வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி ஓட்டத் தெரியுமா என்று பார்த்து லைசென்ஸ் கொடுப்பது அவர் வேலை. ஊரில் பாதிப் பேருக்குக் கொடுத்திருக்கிறார், பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஜெசிந்தாவையே எட்டுப் போடச் சொல்லி இரண்டு முறை ஃபெயில் ஆக்கியவர்.

அப்படிப்பட்டவர் சீடர் ஆனதற்கு அவருடைய கார்தான் காரணம்.

எழுபது வயதுச் சீமைக் கார் அது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில், கோழிகள் அடைகாப்பதற்காக விடப்பட்டிருந்தது. அர்த்தநாரி கோழிகளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுக் காரை வாங்கினார். நான்கு பட்டறைகளில் அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார்கள். ஐந்தாவதாக ஜெசிந்தா. அவர் பானெட்டைத் திறந்து, கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கோழி இறகை உருவி எடுத்தார். கார் கிளம்பிவிட்டது.

"குருவே!" என்றார் அர்த்தநாரி.

கேலியாகத்தான் ஆரம்பித்தார். பிறகு அதுவே பழகிவிட்டது. குரு மட்டும் அவரை "சார்" என்பதை விடவில்லை.

கார் ஓடத் தொடங்கி ஆறு மாதம் ஆனபோது, ஒரு நாள் காலையில் சீடர் வந்தார்.

"குருவே, பிரேக்கை மாத்தணும்."

"இருக்கிற பிரேக்குக்கு என்ன சார்?"

"பழைய டிரம் பிரேக். மிதிச்சா யோசனை பண்ணிட்டு நிக்குது. டிஸ்க் பிரேக் போட்டுடுங்க. பூஸ்டரும் வெச்சுடுங்க."

"அம்மா சொன்னாங்களா?"

"சௌந்தரம் எங்க சொல்றா? அவ வண்டியிலயே வர மாட்டேங்குறா."

சௌந்தரம் அவர் மனைவி. வீடு ஏற்காட்டில். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது ஒன்பது வளைவுவரை சௌந்தரம் வாயைத் திறக்க மாட்டார். பத்தாவது வளைவில், "ஏங்க, நிறுத்துங்க" என்பார். இறங்கி ஓரமாக நின்று, பின்னால் வரும் பஸ்ஸைக் கை காட்டி ஏறிக்கொள்வார். நாளடைவில் கண்டக்டரே அந்த இடம் வந்ததும் விசில் அடிக்கப் பழகிவிட்டான்.

"கேட்டுப் பாத்தீங்களா சார்?"

"கேட்டேன். 'சொன்னா மட்டும்?'ங்குறா. அவ்வளவுதான்."

சௌந்தரம் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஸ்கூட்டர் காலத்தில் "மெதுவா" என்று பின்னாலிருந்து சொல்வார். உடனே அர்த்தநாரி, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நிற்க எத்தனை அடி வேண்டும், ஈரத் தரையில் எத்தனை அடி, மணலில் எத்தனை அடி என்று பாடம் எடுப்பார். வீடு வந்து சேர்ந்த பிறகும் பாடம் முடியாது. அந்த அம்மாள் எத்தனை நாள்தான் கேட்பார்? மெதுவா என்று சொல்வதையே விட்டுவிட்டார்.

"ஆவணி பன்னெண்டாம் தேதி எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம்," என்றார் சீடர். "திருச்செங்கோட்டு மலையிலதான் தாலி கட்டினேன். அன்னைக்கு அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு இந்தக் கார்ல கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுக்குத்தான் இதை வாங்கினதே."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'நீங்க கார்ல வாங்க, நான் பஸ்ல வர்றேன், கோயில்ல பாத்துக்கலாம்'ங்குறா."

கல்யாணத்தன்று இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் திரும்பி வந்தவர்கள்.

குரு காரைச் சுற்றி வந்தார். இடது பக்கக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். காலடியில் போட்டிருந்த ரப்பர் மேட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது.

"சார், முதல்ல இதைக் கவனிங்க."

"அது எலி குருவே. ஆறு மாசத்துல மூணு மேட் மாத்திட்டேன்."

"டிரைவர் பக்கம் புதுசா இருக்கே."

"அந்தப் பக்கம் வராது. இடது பக்கம் மட்டும்தான் கடிக்குது."

"அப்படியா சார்," என்றார் குரு.

பத்து நாளில் டிஸ்க் பிரேக் பொருத்தி முடித்தார். வேலை முடிந்த வண்டியில் கால் வைக்கும் இடத்தில் செய்தித்தாள் விரித்துக் கொடுப்பது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். குருவும் இரண்டு பக்கமும் விரித்துக் கொடுத்தார்.

"சார், புது பிரேக். ஐநூறு கிலோமீட்டர் ஓடினாத்தான் செட் ஆகும். அதுவரைக்கும் தொட்டாலே வெடுக்குனு பிடிக்கும். பொறுத்துக்கணும்."

"அது எனக்குத் தெரியாதா குருவே?"

மூன்றாம் நாளே சீடர் திரும்பி வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பிரேக் எப்படி சார்?"

"பிரமாதம். முன்னாடியெல்லாம் வளைவுக்கு அம்பது அடி இருக்கும்போதே மிதிக்கணும். இப்ப அஞ்சு அடியில மிதிச்சாக்கூட நிக்கும்."

"நீங்க எங்க மிதிக்கிறீங்க?"

"அஞ்சு அடியில."

குரு தலையாட்டினார். "அம்மா?"

"ஆறாவது வளைவுலயே இறங்கிட்டா. 'உக்காரு, பிரேக் நல்லாத்தான் இருக்கு'ன்னேன். 'எனக்கும் தெரியுது'ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா."

"பேப்பர் விரிச்சுக் குடுத்தேனே?"

"அதையும் எலி கிழிச்சுடுச்சு. ராசிபலன் பக்கம். எனக்கு அன்னைக்கு நல்ல நாள்னு போட்டிருந்தாங்க."

"டிரைவர் பக்கத்துப் பேப்பர்?"

"அப்படியே இருக்கு." சீடர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எலியை விடுங்க, அதுக்குப் பொறி வைக்கப் போறேன். விஷயம் ஸ்டியரிங்லதான் இருக்கு. கால்வாசிச் சுத்து சுத்தினாத்தான் சக்கரத்துக்கே தகவல் போகுது. நான் ரெண்டு கையாலயும் மல்லுக்கட்டுறதைப் பாத்துத்தான் அவ பயப்படறா. பவர் ஸ்டியரிங் போட்டுடுங்க."

"போட்டுடலாம் சார். ஆனா அந்த மேட்..."

"அது எலி!"

குரு பவர் ஸ்டியரிங் போட்டுக் கொடுத்தார். அதற்கும் பேப்பர் விரித்தார். சீடர் அந்தப் பேப்பரின் மேல், இடது பக்கக் காலடியில், ஒரு கூண்டுப் பொறியை வைத்து உள்ளே ஒரு மசால்வடையை மாட்டினார்.

ஆவணி பத்தாம் தேதி சீடர் மறுபடி வந்தார்.

"ஸ்டியரிங் எப்படி சார்?"

"ஒரு விரல் போதும் குருவே. பஞ்சு."

"இன்னொரு கை?"

"அது சும்மாதானே இருக்கு? அதால சௌந்தரத்துக்கு ஊரைக் காட்டினேன். அதோ ஜங்ஷன், அதோ என் பழைய ஆபீஸ், அதோ நீ வளையல் வாங்கின கடைன்னு."

"பாத்தாங்களா?"

"கண்ணை மூடிட்டிருந்தா."

"எந்த வளைவு சார்?"

சீடர் கூரைத் தகரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ரெண்டாவது."

குருவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"பொறி வெச்சதுல கால் வைக்க இடமே இல்லைங்குறா. இன்னைக்கு என்னால முடியவே முடியாதுன்னு இறங்கிட்டா. பஸ்ல அந்தக் கண்டக்டர் வேற, 'இன்ஸ்பெக்டர் அம்மா ஸ்டாப்பிங் மேல மாத்தியாச்சு'ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கத்துறான்."

"எலி?"

"வரல. வடையை எறும்பு தின்னுடுச்சு."

சொல்லிவிட்டு ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்தார். எத்தனையோ லாரிக்காரர்களைக் கலங்கடித்த மனிதர் அவர். பார்க்கப் பாவமாக இருந்தது.

"நாளை மறுநாள் பன்னெண்டாம் தேதி. இன்னும் எதை மாத்தணும் சொல்லுங்க. டயரா? சீட்டா? இன்ஜினையே எடுத்துட்டு வேற வெச்சுடலாமா? நாப்பது வருஷம் கூட இருந்தவ, பக்கத்துல உக்கார மாட்டேங்குறா குருவே."

குரு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். காரின் இடது பக்கத்திலிருந்து பொறியை எடுத்து வெளியே வைத்தார். அன்றைய செய்தித்தாளை எடுத்து, சுருக்கம் இல்லாமல் அங்கே விரித்தார்.

"உக்காருங்க சார். நான் ஓட்டறேன்."

"டெஸ்ட்டா?"

"ஆமா சார். முன்னாடி எனக்கு வெச்ச மாதிரியே."

சீடருக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. இடது பக்கம் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தார். "முப்பது வருஷம் இந்தப் பக்கம்தான் உக்காந்திருக்கேன். அதுவும் கத்துக்குட்டிங்க ஓட்டுன வண்டியில. ஒரு நாள்கூட பயந்தது கிடையாது. சௌந்தரத்துகிட்ட இதை எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் சார். சொல்லியிருப்பீங்க."

மலை ஏறும்போது ஒன்றும் நடக்கவில்லை. மேலே போய் வண்டியைத் திருப்பியதும் குரு கேட்டார்.

"வளைவை நீங்க எப்படி எடுப்பீங்க சார்? சொல்லுங்க, அதே மாதிரி எடுக்கறேன்."

"அஞ்சு அடியில பிரேக். ஒரு விரல்ல ஸ்டியரிங். மனசுல பயம் கூடாது."

"சரி சார்."

முதல் வளைவு வந்தது. ஐந்தடியில் பிரேக், ஒரு விரலில் ஸ்டியரிங். கார் கோட்டைத் தாண்டாமல் திரும்பியது.

"பரவால்லையே," என்றார் சீடர். ஆனால் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது வளைவில் எதிரே பலாப்பழ லாரி ஒன்று ஏறி வந்தது. குரு ஐந்தடியில் மிதித்தார். லாரி டிரைவரின் மீசையில் எத்தனை நரை என்பது சீடருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாவது வளைவில் குரு இடது கையை நீட்டினார்.

"அதோ ஜங்ஷன் தெரியுது பாருங்க சார்."

"ரோட்டைப் பாரும்மா!"

"அதோ உங்க பழைய ஆபீஸ்."

"ஏம்மா, ரோட்டைப் பாருன்னா!"

குரு என்ற மரியாதை எல்லாம் மூன்றாவது வளைவிலேயே விழுந்துவிட்டது. நான்காவது வளைவில் சீடர் முருகனைக் கூப்பிட்டார். ஐந்தாவதில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"மெதுவா."

"சார், நாப்பது கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி நிக்கிறதுக்கு எத்தனை அடி வேணும் தெரியுங்களா?" என்று குரு ஆரம்பித்தார். டெஸ்டுக்கு வந்தபோது அவரிடமே கேட்டு மனப்பாடம் செய்தது. ஈரத் தரை, மணல், கூழாங்கல், சாணி என்று ஒன்றையும் விடவில்லை. ஆறாவது வளைவில் தொடங்கிய ஈரத் தரை எட்டாவது வளைவில்தான் காய்ந்தது.

பத்தாவது வளைவில் சீடர் சொன்னார்:

"நிறுத்துங்க."

குரு நிறுத்தினார். பின்னால் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

"சார், நீங்களுமா?"

அதற்குமேல் இறங்குவதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. "போகலாம்," என்றார் சீடர். மிச்சம் பத்து வளைவையும் கண்ணை மூடிக்கொண்டே கடந்தார்.

கொட்டகை வாசலில் கார் நின்றது. சீடரால் உடனே இறங்க முடியவில்லை. வலது கால் கெண்டைச் சதை இறுகிப்போய் வலித்தது. குரு சுற்றி வந்து இடது பக்கக் கதவைத் திறந்தார். குனிந்து கீழே பார்த்தார்.

சீடரும் பார்த்தார். அவருடைய இடது கால் இருந்த இடத்தில் செய்தித்தாள் விரித்தபடியே இருந்தது. வலது கால் இருந்த இடத்தில் செய்தித்தாள் இல்லை. அது நார்நாராகக் கிழிந்து, சுருண்டு, செருப்புக்கு முன்னால் ஒதுங்கிக் கிடந்தது.

"எலி அகப்பட்டுதுங்களா சார்?" என்றார் குரு.

சீடர் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மேட்கள், இரண்டு செய்தித்தாள்கள், ஒரு மசால்வடை எல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அந்தப் பொறியை எங்கே வைத்தோம் என்பதும் ஞாபகம் வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"முப்பது வருஷம் இதே பக்கம் உக்காந்தேனே," என்றார். "அப்ப எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"அதெல்லாம் டிரைவிங் ஸ்கூல் வண்டி சார். உங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருந்துச்சு."

சீடர் யோசித்தார். பிறகு முகம் தெளிந்து நிமிர்ந்தார்.

"அப்ப இந்த வண்டியிலயும் இடது பக்கம் ஒரு பிரேக் வெச்சுடுங்க!"

"அங்க ஏற்கனவே இருக்கு சார். ஆறு மாசமா அம்மா மிதிச்சுட்டுத்தான் இருக்காங்க. பிரேக் லைன்தான் உங்க கால் வரைக்கும் வந்து சேரல."

சீடர் கிழிந்த பேப்பரைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டிரைவர் சீட்டுக்கு மாறி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, மலை ஏறிப் போனார். பொறியை எடுத்துப் போகவில்லை.

ஆவணி பன்னிரண்டாம் தேதி. காலை பத்தரை மணிக்குக் குருவின் போன் அடித்தது.

"கண்ணு ஜெசிந்தா, நான் சௌந்தரம் பேசறேன்."

"சொல்லுங்கம்மா. எந்த வளைவுல இறங்கினீங்க?"

"எங்க இறங்கினேன்? இருபதும் முடிஞ்சு, சேலம் தாண்டி, சங்ககிரிகிட்ட நிக்கிறோம்."

"கார்லயா?"

"கார்லதான். பத்தாவது வளைவுல அந்தக் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, 'அம்மா, இன்னைக்கு ஏறலையா'ன்னு கேட்டான். 'நீ போப்பா, எனக்கு இடம் இருக்கு'ன்னுட்டேன்." அந்த அம்மாளின் குரலில் சந்தோஷம் வழிந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு, "அது கிடக்கட்டும். வண்டியில ஏதோ கோளாறு கண்ணு, அதுக்குத்தான் கூப்பிட்டேன்," என்றார்.

"என்னம்மா?"

"நான் காலை அசைச்சா வண்டி நிக்குது."

குரு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"கால் மரத்துப்போச்சுன்னு லேசா நீட்டினேன், நடு ரோட்டுல நிறுத்திட்டாரு. கழட்டின செருப்பைக் காலாலயே தேடினேன், நிறுத்திட்டாரு. கொசு கடிச்சுது, சொறியக்கூட விடல. பின்னாடி வர்ற வண்டியெல்லாம் ஹாரன் அடிச்சு மானம் போகுது. இந்த மனுஷர் ரோட்டைப் பாக்குறாரா, என் காலைப் பாக்குறாரான்னே தெரியல. 'ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்'னு நானே சொல்ல வேண்டியதாப் போச்சு. இப்படியே போனா உச்சிகால பூஜைக்குள்ள போய்ச் சேருவோமா?"

பக்கத்திலிருந்து சீடரின் குரல் கேட்டது. "இன்னும் ஏதாவது மாத்தணுமான்னு கேளு."

"இன்னும் ஏதாவது மாத்தணுமான்னு கேக்குறாரு கண்ணு."

"ஒண்ணும் வேண்டாம்மா," என்றார் குரு. "புது பிரேக். ஐநூறு கிலோமீட்டர் ஓடட்டும். செட் ஆயிடும்."